ஐந்தொகை இடித்தால்: இருண்ட பொருள் பற்றிக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் காரைக்குடியில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.)

தேவகோட்டை வாசகி: கண்ணுக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள் சார்?

உங்கள் வீட்டுப் பழைய பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி. ஐந்தொகை இடித்தால், அதாவது வரவு செலவு நேராகாவிட்டால், ஒரு பற்று எழுதாமல் விட்டுப்போயிருக்கும். இல்லை, கணக்குப் போட்ட முறையே தப்பு. வானத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே காகிதத்திலேயே இடம் குறித்தார். 1846இல் பெர்லினில் கல்லே என்ற வானியலாளர் தேடினார். ஒரு பாகைகூடத் தள்ளாமல் நெப்டியூன் இருந்தது. அப்புறம் புதன் கோளின் பாதைக் கணக்கும் இடித்தது. அதே லெவெரியே சூரியனுக்கு அருகே வல்கன் என்றொரு கோள் இருக்கும் என்றார். தேடித்தேடி அலுத்தார்கள். நூற்றாண்டுக்கு 43 விகலைதான் இடித்தது (ஒரு பாகைக்கு 3600 விகலை). 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக் கணக்கையே மாற்றி எழுத, அது நேரானது. வல்கன் இல்லவே இல்லை.

1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா என்ற நட்சத்திர மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். ஓரத்து வாயு மேகங்களும் வேகம் குறையாமல் சுற்றின. கண்ணில் படும் எடை அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது. விட்டுப்போன அந்தப் பற்றுக்குத்தான் இருண்ட பொருள் என்று பெயர்.

பள்ளத்தூர் வாசகர்: அது கருந்துளைதானே?

இல்லை.

கோட்டையூர் வாசகர்: இருண்ட ஆற்றலும் இதுவும் ஒன்றா?

இல்லை. பொருள் இழுக்கும், ஆற்றல் பிரபஞ்ச விரிவை முடுக்கும். பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் இருண்ட பொருள் சுமார் 27 சதவீதம், இருண்ட ஆற்றல் 68. நாமும் நட்சத்திரங்களும் சேர்ந்தே 5தான். பெயரில் இருட்டு இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

புதுவயல் வாசகர்: ராகு கேதுவும் கண்ணுக்குத் தெரியாது. முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்களே?

வந்துவிட்டதா! ராகுவும் கேதுவும் சூரியன் போகும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். அவை ஒரு சுற்று வர 18.6 வருஷம். அவற்றை வைத்துக் கிரகணத்தை முன்கூட்டியே சொன்னது பெரிய கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் புள்ளிக்கு எடை கிடையாது, எதையும் இழுக்காது.

அதே வாசகர்: புள்ளிக்கு எதற்கு தினம் ஒன்றரை மணி நேரம் ராகுகாலம்?

அதைத் திருநாகேஸ்வரத்தில் கேளுங்கள்.

புதுவயல் வாசகி: நம்பிக்கையைக் கிண்டல் பண்ண வேண்டாம் சார்.

கிண்டல் இல்லையம்மா. என் கல்யாணமும் ராகுகாலம் தவிர்த்துத்தான் நடந்தது. எடை இருக்கிறதா என்பதுதான் இங்கே பேச்சு.

கானாடுகாத்தான் மாணவி: இதுவும் வல்கன் கதையாக இருந்தால்?

இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா! 1983இல் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் அப்படித்தான் ஈர்ப்பு விதியைத் திருத்திப் பார்த்தார். நட்சத்திர மண்டலங்களின் சுழற்சிக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. ஆனால் புல்லட் கொத்தில் இரண்டு மண்டலக் கொத்துகள் மோதியபோது வாயு நடுவில் தேங்கிவிட்டது; எடை ஒளியை வளைக்கும், அந்த வளைவைப் பார்த்தால் எடையோ வாயுவைத் தாண்டிப் போயிருக்கிறது. திருத்தத்தால் மட்டும் இதை விளக்குவது கடினம். அதற்காக இருண்ட பொருள் ஜெயித்துவிட்டது என்று எழுதிவிடாதே. தெற்கு டகோட்டாவில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் 7 டன் திரவ செனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். இருண்ட பொருளின் துகள் ஒன்றும் இதுவரை சிக்கவில்லை.

செட்டிநாடு வாசகர்: சார், இருண்ட பொருள் என்றால் கருந்துளையா?

பள்ளத்தூர்க்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கண்டனூர் வாசகர்: மாடியிலிருந்து எதையாவது பார்க்க முடியுமா?

இருண்ட பொருளை முடியாது. கார்த்திகையில் மழை விட்ட அமாவாசை ராத்திரி, தெருவிளக்கு இல்லாத கண்மாய்க்கரைக்குப் போங்கள். ஆண்ட்ரோமீடா பஞ்சுத் துணுக்குபோல் வெறுங்கண்ணுக்கே தெரியும். ரூபின் அளந்தது அதைத்தான்.