மூன்றாவது பேட்டரி வாங்கலாமா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய பைக் ஒன்றை வாங்கினேன். இரண்டு நாள் எடுக்காமல் விட்டால், செல்ஃப் பட்டனை அழுத்தும்போது 'டக் டக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. கிக்கர் அடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. இப்போது மூன்றாவது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு புது பேட்டரியும் எட்டு மாதத்தில் படுத்துவிட்டால், முதலில் வண்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கிக்கரில் எடுக்கிறது என்பதால் பிளக், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம்.

வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். அப்புறம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அழுத்துங்கள். 10-க்கும் கீழே சரிந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியே கெட்டுவிட்டது. 12-ஐ விட்டு இறங்காமல் 'டக்' மட்டும் வந்தால் பேட்டரி மேல் தப்பில்லை. கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

என்னிடம் இப்படி வந்த ஒரு வண்டியில், எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைப்பது) இன்ஜினில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் பச்சை பூத்து, அதற்கும் கீழே யாரோ அடித்த பெயின்ட். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்ததால் யாருக்கும் அங்கே சந்தேகம் வரவில்லை. 35 வாட் பல்புக்கு 3 ஆம்பியர் போதும், அது அரைகுறைத் தொடர்பிலும் போய்விடும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ பல பத்து ஆம்பியர். உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்த்து முடுக்கியதும் ஒரே அழுத்தில் எடுத்தது. நீங்களும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அது நன்றாக இருந்தால், பட்டனை அழுத்தும்போது மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்டார்ட்டர் ரிலேவைப் பாருங்கள்.

உங்கள் வண்டி இரண்டு நாள் நின்றாலே தகராறு செய்வதால், எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு: நிற்கும்போதே கரண்ட் கசிகிறது. பழைய உரிமையாளர் அலாரம், கூடுதல் ஹாரன் எதையாவது மாட்டி, அப்புறம் கழற்றியிருப்பார். ஒயர் மட்டும் உள்ளேயே இருக்கும். சாவியை அணைத்துவிட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரை ஆம்பியரில் வைத்து, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இணையுங்கள். சில மில்லியாம்பியர் ஓடினால் பரவாயில்லை. 50 மில்லியாம்பியர் ஓடினால், 5 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் காலி. அடிக்கடி இப்படிக் காலியாகும் பேட்டரி நிரந்தரமாகவே கெட்டுப்போகும். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியும் போடக் கூடாது, செல்ஃபும் அழுத்தக் கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.

கடைசியாக, நெகட்டிவ் ஒயரைத் திரும்ப மாட்டி, மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, இன்ஜின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5-இலிருந்து 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை மாற்றாமல் எத்தனை பேட்டரி போட்டாலும் வெந்துதான் போகும்.

கேள்வி: பழைய பைக்தான். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் பியூஸ் போகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 20 போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். 20 போட்டால் பியூஸுக்குப் பதில் ஒயர் உருகும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். திருப்பும்போது மட்டும் போகிறது என்றால் இடத்தைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஹேண்டிலுக்குப் போகும் ஒயர்க் கட்டு ஃபிரேமில் உரசி, மேல் உறை தேய்ந்து செம்பு தெரியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரைச் சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி ஒயரை இறுக்கிப் பிடிக்கும்) போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகு கட்டுங்கள். பியூஸ் அதே 10 ஆம்பியர்தான்.