எப்போது சூடாகிறது என்று சொல்லுங்கள், என்ன மாற்றுவது என்பதை அப்புறம் பார்க்கலாம்

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "என்ஜின் ஹீட் ஆகுது, என்ன மாத்தணும்?" இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. சிக்னலில் நிற்கும்போதா, பைபாஸில் போகும்போதா, மலை ஏறும்போதா, எடுத்த ஐந்து நிமிடத்திலேயா என்று ஒரு வரி சேர்த்தால் பாதி பதில் அதிலேயே வந்துவிடும். அப்படி எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1999 மாருதி 800. ட்ராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது, 60இல் ஓட்டினால் தானாக இறங்குகிறது. மெக்கானிக் ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார். (ஈரோடு)

பொறுங்கள். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது, நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஓட்டினால் சூடு இறங்குகிறது என்றால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் ஓரளவு ஒழுங்காக இருக்கின்றன, சந்தேகம் ஃபேன் பக்கம்தான். இக்னிஷனை ஆன் செய்து, ஃபேனுக்கான தெர்மோ சுவிட்சின் (தண்ணீர் சூடானதும் ஃபேனைப் போடும் சுவிட்ச்) கனெக்டரைக் கழட்டுங்கள். இரண்டு ஒயர் இருந்தால் ஒரு துண்டு ஒயரால் இரண்டையும் சேருங்கள், ஒரே ஒயர் என்றால் அதை பாடியில் எர்த் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிட்ச் போய்விட்டது. சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே பாருங்கள், அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டுங்கள், திடீரென்று சுற்ற ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

இன்னொன்று. யாராவது ஃபேன் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் அது தலைகீழாகச் சுற்ற வாய்ப்பு உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். நான் இதை இரண்டு வண்டிகளில் பார்த்துவிட்டேன். இரண்டிலும் ரேடியேட்டர் ஏற்கெனவே புதுசு!

அம்பாசடர், பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின். ஊருக்குள் பிரச்சினை இல்லை, பைபாஸில் 70ஐத் தாண்டி அரை மணி நேரம் போனால் கொதிக்கிறது. (திருச்சி)

இது முதல் கேள்விக்கு நேர் எதிர். காற்று நிறைய வருகிறது, ஆனாலும் சூடு வெளியேறவில்லை. அப்படியானால் தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு, அல்லது என்ஜினே தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

முதலில் அடைப்பு. எத்தனை வருடம் போர் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் ஊற்றியிருப்பீர்கள், எல்லோரும் ஊற்றியிருக்கிறோம். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. வண்டியை நன்றாக ஓட்டி வந்து நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தை உள்ளங்கையால் கவனமாகத் தடவுங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. உங்கள் வண்டியில் பித்தளை ரேடியேட்டரே இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ரேடியேட்டர் கடையில் டாங்கைப் பிரித்துக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து மறுபடி பற்ற வைத்துத் தருவார்கள்.

அடுத்து கீழ் ஹோஸ். இது பலர் கண்ணில் படாத இடம். பம்ப் அந்த ஹோஸ் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. ரப்பர் ஊறித் தளர்ந்திருந்தால், அல்லது உள்ளே ஸ்பிரிங் இருந்து அது துருப்பிடித்துப் போயிருந்தால், என்ஜின் வேகமெடுக்கும்போது ஹோஸ் பாம்பு மாதிரி சப்பையாகிவிடும். ஐடிலில் பார்த்தால் ஒழுங்காகவே தெரியும். அதனால் ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். இந்த வண்டியில் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது, சட்டை நுனி, துண்டு எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

இரண்டும் சரியென்றால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரம். டைமிங் பின்தங்கினால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, உழைப்பாக மாற வேண்டிய சூடு ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) சைலன்சருக்கும் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலுள்ள வேக்யூம் அட்வான்ஸின் (சீரான ஓட்டத்தில் தீப்பொறியை முன்னதாக விட வைக்கும் பாகம்) ரப்பர் குழாயைக் கழட்டி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பிளேட் நகர்ந்து, உறிஞ்சிய இழுப்பு அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பைபாஸில் ஒரே சீராகப் போகும்போது மட்டும் சூடாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆம்னி, எல்பிஜி. வாரம் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. காலையில் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கட்டா? (மதுரை)

இருக்கலாம், ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அந்த அடைப்புத் தகடு போனால் இப்படி ஆகும். ஆனால் ஹெட்டைக் கழட்டுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். முதலில் ரேடியேட்டர் மூடி: அதன் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் ரிசர்வ் டாங்குக்குப் போய் வழிந்தே காணாமல் போகும். அடுத்து, காலைக் குளிரில் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம், சூடான பிறகும் நிற்காமல் வந்தால்தான் கவலை. என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்து வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழி வரும், விடுங்கள். சோடா மாதிரி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. மூன்று பிளக்கையும் கழட்டி வரிசையாக வையுங்கள். இரண்டு பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோலவும் இருந்தால் தண்ணீர் போகும் சிலிண்டர் அதுதான். ஆயில் மூடிக்கு அடியில் பால் விட்ட டீ நிறத்தில் கொஞ்சம் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது வரும். டிப் ஸ்டிக்கிலேயே அந்த நிறம் என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

எல்பிஜி வண்டி என்பதால் உங்களுக்கு ஓர் இலவசத் தடயம் உண்டு. கேஸ் ரெடியூசர், கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) சூட்டில்தான் திரவ கேஸை ஆவியாக்குகிறது. என்ஜின் சூடான பிறகும் ரெடியூசர் மேல் பனி பூத்திருந்தால் அங்கே சூடான தண்ணீர் வரவில்லை: தண்ணீர் குறைவு, அல்லது ஏர் லாக் (குழாய்க்குள் காற்று சிக்கியிருப்பது). டெம்பரேச்சர் சென்சாரும் காற்றில் நின்றால் முள் கீழேயே இருக்கும், உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

ஹெட் கழட்டியே ஆக வேண்டுமென்றால், கேஸ்கட் மட்டும் மாற்றி மூடிவிட விடாதீர்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் வளையும். நேர் பட்டையை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்க்கட்டும், 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே லேத்துக்குப் போக வேண்டியதுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டிவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்கு நல்லது என்கிறார்களே? (விருதுநகர்)

என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு அது, கழட்டி எறிவதில் எனக்கு உடன்பாடே இல்லை. என்ஜின் சூடேற நேரமெடுக்கும், பெட்ரோல் கூடும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும், அதாவது வியாதியே கூடும். சந்தேகமென்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்க விடுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். பாத்திரத்தை மனைவியிடமோ அம்மாவிடமோ கேட்டு எடுங்கள்.

பத்மினி. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் ஏறுகிறது! (தஞ்சாவூர்)

ஏறுவது முள் மட்டும்தான். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து நகர்கிறதா பாருங்கள். ஆமென்றால் மீட்டர் போர்டின் எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்குங்கள், என்ஜினைத் தொட வேண்டாம்.

அடுத்த வாரம் 22 வருட வண்டியில் வால்பாறை போகிறோம். வழியில் கொதித்தால்? (பொள்ளாச்சி)

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. முள் பாதியைத் தாண்டும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் போடுங்கள், அது இன்னொரு குட்டி ரேடியேட்டர். வியர்க்கும், பரவாயில்லை. மேல் கியரில் திணறவிடாமல் கியரைக் குறையுங்கள். அப்படியும் முள் ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டி அணைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் ஒரேயடியாகப் பொங்கும். ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணை தெரியும் அந்த இடத்தில், பத்து நிமிடம் போதும் என்று நினைத்து ஈரத்துணியோடு நான் திறந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்னும் தோல் நிறம் மாறியே இருக்கிறது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு திறந்து, என்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கடையில் வாங்கிய ஐஸ் வாட்டர் வேண்டாம், அதைக் குடித்துவிடுங்கள். வண்டிக்கென்று ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாகப் பின்னால் இருக்கட்டும்.