மலையில் இருந்துகொண்டு நடப்பு நிகழ்வுகளுக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

நீலகிரியில் கூடலூர் பக்கம் இருக்கிறீர்கள், அருகில் பயிற்சி மையம் இல்லை, டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கும் யூபிஎஸ்சிக்கும் சேர்த்துப் படிக்கிறீர்கள். மாத இதழ்களும் பிடிஎஃப்களும் குவிந்து கிடக்கின்றன, படித்தது எதுவும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குக் கோத்தகிரி. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர், நான் வளர்ந்தது எஸ்டேட் லைன் வீட்டில். மூன்றாவது முயற்சியில் குரூப் 2ஏ கிடைத்து இப்போது வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு முயற்சியிலும் என்னைக் கவிழ்த்தது நடப்பு நிகழ்வுகள்தான்.

முதல் முறை பதினான்கு மாத இதழ்களை அடுக்கி வைத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே வாசித்தேன். தேர்வறையில் கேள்வியைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். விடை மட்டும் வராது. "எங்கேயோ படித்தோமே" என்ற நினைப்பு இருக்கிறதே, அதைப் போல ஏமாற்றுவது வேறு இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்ததால் கண்ணுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். நானாக எடுத்துச் சொல்ல ஒரு தடவைகூடப் பழகவில்லை.

அது எனக்குப் புரிந்தது லாங்வுட் சோலையால். கோத்தகிரியிலிருந்து நடந்தே போய்விடலாம், சுமார் 116 ஹெக்டேர் காடு. சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் அதன் ஊற்றுகளிலிருந்து வருகிறது. 2024 ஜனவரி 31 அன்று அதை ராம்சார் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்த செய்தி வந்தது. கூடவே அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும், கர்நாடகத்தில் மூன்று இடங்களும். இந்தியாவின் எண்ணிக்கை 75-லிருந்து 80 ஆனது. செய்தியை நானும் வாசித்தேன். சந்தோஷப்பட்டு அம்மாவிடம்கூடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் நாங்கள் நான்கு பேர் வைத்துக்கொண்ட மாதிரித் தேர்வில், புதிதாகச் சேர்ந்த தமிழ்நாட்டு ஈரநிலங்கள் எவை என்று கேள்வி. நான் கரைவெட்டி, வேடந்தாங்கல் என்று குறித்தேன். ஈரநிலம் என்றால் என் மனதில் ஏரி, கொக்கு, நாரை. மரங்கள் அடர்ந்த சோலை எப்படி ஈரநிலம் ஆகும் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ராம்சார் உடன்படிக்கையில் ஈரநிலத்துக்கான வரையறை மிக விரிவானது, சதுப்பு, ஊற்று, சேற்றுக்காடு எல்லாமே அதில் வரும். சோலை, மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நான்தான் இந்தக் கேள்வியைத் தவறவிட்டேன். வேடந்தாங்கல் 2022-லேயே சேர்ந்துவிட்டது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று இரவிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். செய்தியைப் படித்துவிட்டுக் குறிப்பு எடுப்பதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஒரு செய்திக்கு ஒரு கேள்வி எழுதினேன், நான்கு விடைகளோடு. சரியான விடையை எழுத ஒரு நிமிடம் போதும். தவறான மூன்று விடைகளுக்குத்தான் அரை மணி நேரம் போகும், படிப்பு முழுக்க அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. லாங்வுட் சோலைக்கு எதிராக எதை வைக்கலாம்? சும்மா வாய்க்கு வந்த ஊர்ப் பெயரை வைத்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். நம்பும்படி இருக்க வேண்டும் என்றால் பள்ளிக்கரணை எப்போது சேர்ந்தது, கோடியக்கரை எப்போது சேர்ந்தது என்று பார்த்தாக வேண்டும். கோடியக்கரை 2002, தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம். பள்ளிக்கரணை 2022. அங்கிருந்து ஒப்பந்தம் எங்கே கையெழுத்தானது என்று போவோம்: ஈரானின் ராம்சார் நகரம், 1971 பிப்ரவரி 2. அதனால்தான் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். இந்தியாவின் முதல் இரண்டு இடங்கள் சிலிகா, கேவலாதேவ். ஒரு கேள்வி எழுதுவதற்குள் புவியியல், சுற்றுச்சூழல், பன்னாட்டு ஒப்பந்தம் மூன்றும் வந்துவிட்டன. கேள்வி தயாரிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான், நாம் எங்கே வழுக்குவோம் என்பதே தெரிகிறது.

இன்னொரு பழக்கம், எங்கள் நால்வரில் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தது. மாறக்கூடியதைப் பென்சிலில் எழுது, மாறாததைப் பேனாவில் எழுது. ராம்சார் ஒப்பந்தம் 1971 என்பது பேனா. இந்தியாவில் 80 இடங்கள் என்பது பென்சில். அது 2024 ஆகஸ்டில் 85 ஆனது, 2025 பிப்ரவரியில் 89 ஆனது, அதன் பிறகும் ஏறியது. தமிழ்நாடு 16, 18, 20 என்று போனது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசித்துவிடுவேன். என் நோட்டில் அந்த இடத்தில் தாள் மெலிந்து பின்பக்கம் தெரியும். தேர்வில் அந்த எண்ணுக்கு நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன்.

சரி, எந்தச் செய்தியிலிருந்து தொடங்குவது? என் அனுபவத்தில், உங்கள் வீட்டு வாசலில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். தேர்வு டெல்லியில் தயாராகிறது, நம் ஊர் அதில் எங்கே வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2022 யூபிஎஸ்சி பிரிலிம்ஸில் தேயிலை வாரியம் பற்றிக் கேட்டார்கள். நான்கு கூற்றுகள்: அது சட்டப்படி அமைந்த அமைப்பு, வேளாண் அமைச்சகத்தோடு இணைந்தது, தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது, துபாயிலும் மாஸ்கோவிலும் அலுவலகங்கள் உண்டு. முதலாவதும் நான்காவதும் மட்டுமே சரி. வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது, தலைமையகம் கொல்கத்தா. நம் மலையில் பச்சைத் தேயிலை விலையைப் பேசாத வீடு உண்டா? குன்னூரில் வாரிய அலுவலகத்தைக் கடந்துதானே பேருந்தில் போகிறோம்? "இந்த விலைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டு உண்ணாவிரதம்" என்ற செய்தியைப் பார்க்கும்போது, தேயிலைக்கு ஏன் அது இல்லை என்று கேட்டிருந்தால் போதும். ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 பயிர்களின் பட்டியலில் தேயிலை இல்லை. அந்த விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, தேயிலையோ 1953 தேயிலைச் சட்டப்படி வணிக அமைச்சகத்தில் இருக்கிறது. இதைப் பிடித்துவிட்டால் இரண்டாவது கூற்று தானாக அடிபட்டுவிடும்.

வெளியூர் வண்டிகள் மலைக்கு வர வாங்க வேண்டிய இ-பாஸையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கான வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த எண்கள் எல்லாம் பென்சில். பேனாவில் எழுத வேண்டியவை உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணை (ரிட்) அதிகாரம், அதாவது அரசியலமைப்பின் உறுப்பு 226. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்னும் 48ஏ, குடிமகனின் கடமை என்னும் 51ஏ(ஜி), இந்த இரண்டையும் சேர்த்த 1976-ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம். அப்புறம் தாங்குதிறன், அதாவது ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கருத்து. மெயின்ஸில் இதே செய்தி ஒரு முழுக் கட்டுரையாகிவிடும்.

எதைப் படிப்பது என்று கேட்டால், ஒரு நாளிதழ் போதும். இரண்டு வாங்கினால் இரண்டும் பாதியில் நிற்கும். காலை 6.45 ஆகாசவாணி மாநிலச் செய்தி கேட்பேன், அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தமிழிலும் வெளியிடுகிறது. திட்டத்தின் பெயர், துறை, தொகை இவற்றில் சந்தேகம் வந்தால் அங்கே போய்ச் சரிபாருங்கள். டிஎன்பிஎஸ்சிக்கு, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு பொக்கிஷம். நிறையப் பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை, எனக்கு அது ஆச்சரியமாகவே இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய ஒரு வருடச் செய்தி கையில் இருந்தால் போதும் என்பது என் கருத்து. மாத இதழ்களைத் தூக்கிப் போட வேண்டாம், மாதக் கடைசியில் நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று சரிபார்க்க அவை உதவும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பேப்பர் மேலே வராது. உங்கள் பக்கம் ஆனி, ஆடி மழையில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். அந்த நாட்களை நான் பழைய நோட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். விடைகளை ஒரு அட்டையால் மூடிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் நானே எழுதிய கேள்விகளுக்கு நான் விடை சொல்வேன். முதல் தடவை பாதிதான் வந்தது. விடாமல் செய்யுங்கள்.

இரண்டு தேர்வுக்கும் படிப்பதால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். டிஎன்பிஎஸ்சி பிரிலிம்ஸில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, தெரியாவிட்டால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தையாவது ஷேடு பண்ண வேண்டும். யூபிஎஸ்சி பொது அறிவுத் தாளில் இரண்டு மணி நேரம், 100 கேள்விகள், தவறினால் அந்தக் கேள்வியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரே பழக்கத்தோடு இரண்டுக்கும் போனால் ஏதாவது ஒன்றில் அடி விழும். மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: நிச்சயம், சந்தேகம், ஊகம். திருத்தும்போது 'சந்தேகம்' என்று போட்டதில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். எனக்குப் பத்துக்கு ஆறு சரியாக வந்தது. அதனால் யூபிஎஸ்சி மாதிரித் தாளில் சந்தேகத்தைத் துணிந்து குறிக்க ஆரம்பித்தேன், ஊகத்தை விட்டுவிட்டேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

ஒரு ஆளாவது துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கேள்விக்கு நீங்களே விடை சொல்வதைவிட, அடுத்தவர் உங்கள் தவறான விடையில் மாட்டிக்கொள்ளும்போது கிடைக்கிற தெளிவு பெரியது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணம் கிடையாது, அங்கே விசாரியுங்கள். யூபிஎஸ்சிக்கு, தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் மதிப்பீட்டுத் தேர்வை எழுதுங்கள். அதில் தேர்வாகும் 1,000 பேருக்குப் பத்து மாதத்துக்கு, மாதந்தோறும் ரூ.7,500 தருகிறார்கள். பணம் இல்லை என்பதற்காகப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள், நம் வீடுகளில் அப்படி நின்றுபோன அக்காக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் ஊர். கூடலூரில் இருந்துகொண்டு அரசியலமைப்புப் பாடத்துக்குப் பொருள் தேட வேண்டியதே இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு கூடலூர்க் காட்டு மரங்களுக்காகத் தொடங்கியது. 1996 டிசம்பர் 12 உத்தரவில் 'காடு' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதே அகராதிப் பொருளைத்தான் இடைக்காலமாகத் தொடரச் சொன்னது. செக்‌ஷன் 17 நிலம், பட்டா இல்லை, கரண்ட் இல்லை என்று உங்கள் பக்கம் தேர்தல்தோறும் பேசுகிறார்களே, அது 1969 கூடலூர் ஜென்ம நில (பரம்பரை ஜமீன் நில) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. அதன் காடு தொடர்பான பகுதி 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. 1974-இல் 34ஆவது திருத்தம் அந்தச் சட்டத்தை, நீதிமன்றத்தில் அடிபடாமல் சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அதை எதிர்த்த ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கில்தான் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஒன்பதாவது அட்டவணையும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று சொன்னது.

இன்றைக்கு இதை வைத்து ஒரு கேள்வி எழுதுங்கள்: எந்தத் தேதிக்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பை (நாடாளுமன்றத்தாலும் சிதைக்க முடியாத அரசியலமைப்பின் அடித்தளத்தை) வைத்துச் சோதிக்கலாம்? சரியான விடை 1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள். மற்ற மூன்று தேதிகளை நீங்கள் போடுங்கள். ஒவ்வொன்றும் அரசியலமைப்பில் நிஜமாகவே ஏதோ நடந்த நாளாக இருக்கட்டும். முதலாவதுக்கு, ஒன்பதாவது அட்டவணையையே கொண்டுவந்த 1951 முதல் திருத்தத்தின் தேதியைத் தேடிப் பாருங்கள்.