இரண்டாம் எழுத்தில்தான் சங்கதி

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தமிழில் பத்து ‘ரைமிங் வேர்ட்ஸ்’ எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ‘வந்தான், போனான், தின்றான்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். என்ன தப்பு?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: தப்பில்லை அம்மா. ஆனால் மாமனார் சிரித்ததிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒருவன் நேற்று என்ன செய்திருந்தாலும் தமிழில் அது ‘ஆன்’ என்றுதான் முடியும். நாலு பேர் சேர்ந்து செய்தால் ‘ஆர்கள்’. கடைசி ஒலி ஒத்துப்போவது நமக்குக் காய்கறிக் கடைக் கறிவேப்பிலை மாதிரி, கேட்காமலே பையில் விழும். அதற்கும் இயைபு என்று பெயர் உண்டு, யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. ஆனாலும் பழைய செய்யுள்காரர்கள் காது வைத்தது சொல்லின் தலைப்பக்கம். முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. ‘கற்க’ என்று ஆரம்பிக்கும் குறளில் இரண்டாம் அடி ‘நிற்க’ என்று ஆரம்பிக்கிறதே, அதுதான் எதுகை. விகுதி இலவசமாகக் கிடைக்கிற மொழியில் உழைப்பு முன்பக்கம் போனது இயல்பு என்பது என் கட்சி.

ஒரு நிபந்தனை உண்டு. முதல் எழுத்து குறிலென்றால் எதிரே வருவதும் குறில், நெடிலென்றால் நெடில். பட்டுக்குக் கட்டு சேரும், பாட்டு சேராது. பாட்டுக்கு வீட்டு, கூட்டு, நோட்டு எல்லாம் சேரும்.

மகளுக்கு மரம், கரம், வரம், சிரம், உரம் என்று எழுதிக் கொடுங்கள். முன்னாலும் பொருந்தும், பின்னாலும் பொருந்தும். பள்ளிக்கூடமும் மகிழும், மாமனாரும் வாயை மூடிக்கொள்வார்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் பொங்கல் விழாவுக்கு வரவேற்புக் கவிதை எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘பொங்கல்’ என்று எழுதிவிட்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எதுகைச் சொல் எப்படித் தேடுவது?
– வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: மண்டையைக் குடைய வேண்டாம், கத்தரிக்கோல் போதும். பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள்தான் எங்கள் கருவி. அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வலப்பக்கம் ‘ட்டு’ என்று எழுதுவோம். நீளத் துண்டு ஒன்றில் க, கி, கு, கொ என்று வரிசையாக எழுதி ஜன்னலுக்குப் பின்னால் இழுப்போம். கட்டு, கிட்டு, கொட்டு வரும். துண்டை மாற்றினால் தட்டு, திட்டு, துட்டு. அப்புறம் பட்டு, புட்டு, பொட்டு. பின்னாலேயே முட்டு, மெட்டு, மொட்டு. கால் மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிடும். பொருள் இல்லாத சொல் வந்தால் பிள்ளைகள் அதைத்தான் அதிகம் ரசிப்பார்கள், அது வேறு கதை.

ஒரு தடவை ‘த்து’ ஓடிக்கொண்டிருந்தது. முத்து, சொத்து, கொத்து, பத்து. பின்வரிசைப் பையன் ஒருவன் ‘ஹத்து’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ அன்றைய பாடமே கிடைத்துவிட்டது. கன்னட ஹத்தும் நம் பத்தும் ஒரே சொல். நம்முடைய ‘ப’ பல இடங்களில் அங்கே ‘ஹ’ ஆகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, உங்கள் மாரத்தஹள்ளியின் ஹள்ளியும் நம் பள்ளிதான்.

சரி, உங்கள் பொங்கலுக்கு வருவோம். ‘ங்’ஐ ஜன்னலில் வையுங்கள். எங்கள், உங்கள், திங்கள், தங்கம், சங்கம், மங்கலம். விழா வரவேற்புக்கு இவ்வளவு போதாதா? ‘சிங்கம்’ வேண்டாம், உங்கள் சங்கத் தலைவர் தன்னைச் சொல்வதாக நினைத்துவிடுவார்.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காகப் போட்டுவிடவும் கூடாது. பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் சக ஆசிரியை ஒருவரின் பிரிவு விழாவுக்கு நான் வாழ்த்துப்பா எழுதினேன். ‘ஓய்வு’ என்று தொடங்கி ஆய்வு, தேய்வு என்று தேடிப்போய் ‘சாய்வு’ நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். அவரோ அடுத்த மாதமே வேறு பள்ளியில் வேலைக்குச் சேர ஏற்பாடு செய்திருந்தவர். எதுகை கச்சிதம், அம்மையார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் உரைநடையில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்குகிற சொல்லை மட்டும் பட்டியலிலிருந்து எடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் ரைமிங் டிக்‌ஷனரி இருக்கிறது. தமிழில் அப்படி ஒன்று ஏன் இல்லை?
– வாசகர், ஜெயநகர்

பதில்: இல்லையென்று யார் சொன்னது? வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி நாலு பகுதி கொண்டது: பெயர், பொருள், தொகை, தொடை. நாலாவதான தொடை, பாட்டுக் கட்டுகிறவர் எதுகைக்குச் சொல் தேடுவதற்கென்றே செய்தது. அவருக்கு முன்பே, பாட்டாகவே எழுதிய பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்த காலத்தில் அகராதி அவர்கள் தலைக்குள்ளேயே இருந்தது. புரட்ட வேண்டிய வேலையே இல்லை.

கேள்வி: ஆசை, மீசை, தோசை என்று அடுக்கினால் கவிதையாகிவிடுமா?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: ஆகாது. ஆனால் மூன்றும் சுத்தமான எதுகை. தோசை சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் எழுத்துப் பொருத்தம் தமிழுக்கு மட்டும் உரியது என்று என் கன்னட நண்பரிடம் சொன்னேன். ‘எங்களிடமும் இருக்கிறது’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், ஹெப்பால்

பதில்: நண்பர் சொல்வதுதான். பழைய கன்னடக் கவிதையில் அதற்கு ஆதிப்ராசம் என்று பெயர், தெலுங்கிலும் ப்ராசம் உண்டு. கன்னடத்தார் அதை ஆறாகப் பிரித்து மிருகப் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். முதல் எழுத்து குறிலானால் சிங்கம், நெடிலானால் யானை. நாம் குறில், நெடில் பார்த்தோமே, அதே கணக்குதான்.

பழைய கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் தம் பெயருக்கு விளக்கம் சொல்லும் த்ரிபதியை, அதாவது மூன்றடிப் பாட்டை, நண்பரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘சர்வக்ஞன் என்பவன் கர்வத்தால் ஆனவனா? எல்லாரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கற்று வித்தையின் மலையானவன்’ என்பது பொருள். கன்னடத்தில் அடிகள் ‘சர்வ’, ‘சர்வ’, ‘பர்வ’ என்று ஆரம்பிக்கும், முதல் அடியின் நடுவில் ‘கர்வ’ வேறு வந்து உட்காரும். கன்னடம் தெரியாதவர்கூட எதுகையைக் காதால் பிடித்துவிடலாம்.

அந்தச் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் இருக்கிறது. அதற்கு ஈடாக இங்கே அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர். பல வருஷம் மூடியே கிடந்து 2009இல் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நண்பரை அங்கே கூட்டிக்கொண்டு போய், நீங்கள் ஒரு குறள் சொல்லுங்கள், அவர் ஒரு த்ரிபதி சொல்லட்டும். தோற்றது நீங்கள்தானே, காபி உங்கள் செலவு.