மணிக்கு 60 பீஸ் அடித்தவர் 40-க்கு வந்தால் வகுப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: திருப்பூரில் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக் டெய்லர் ஒருவர், வயது 43, மணிக்கு 60 பீஸ் அடிப்பார். இரண்டு மாதமாக 40 தாண்டவில்லை. இரண்டு நாள் ஊக்க வகுப்பு எடுத்தால் சரியாகும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். 60 அடித்தவருக்குத் தைக்கத் தெரியும். தெரிந்ததை மைக் பிடித்துச் சொல்லித்தர என்ன இருக்கிறது? குரூப் போட்டோவும், பையர் ஆடிட்டுக்கு (துணி வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனைக்கு) காட்ட ட்ரெயினிங் ரிஜிஸ்டரில் கையெழுத்தும்தான் மிச்சம்.

அவரிடம் சொல்லிவிட்டு, போன் ஸ்டாப்வாட்ச்சில் பத்து பீஸுக்கு நேரம் எடுங்கள். பீஸுக்கு 60 நொடிக்குள் முடிகிறதென்றால் கை குறையவில்லை. மணிக்கு 20 நிமிஷமாவது வேறெங்கோ போகிறது. தைக்க வேண்டிய துணிக்கட்டு (பண்டல்) வரவில்லை, நூல் அறுகிறது, மெக்கானிக் வரவில்லை. மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் ஹவர்லி போர்டில் இதை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. 40 என்று எழுதி டெய்லர் தலையில் கட்டிவிடுவார்கள்.

90 நொடி ஆகிறதா? பக்கத்து டெய்லரோடு மெஷினை மாற்றிவிட்டு அதே ஸ்டைலை ஓட்டுங்கள். பக்கத்து டெய்லரும் இவர் மெஷினில் திணறினால் ஊசி மழுங்கியிருக்கும், இல்லை லூப்பர் (ஊசி நூலோடு நூலைப் பின்னும் கொக்கி) டைமிங் விலகியிருக்கும். ஆனால் ஒன்று. புது மெஷினில் பெடல் காலுக்குப் பிடிபடும்வரை யாருக்கும் எண்ணிக்கை விழும். முதல் 20 நிமிஷத்துப் பீஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாப்பாடு முடிந்த கையோடு சோதிக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. இதையெல்லாம் பார்க்காமல் பத்தே நிமிஷத்தில் "மெஷின் மாத்தியும் அப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதினால், சோதனை செய்யாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளைத் துணியில் 60 வந்து கறுப்பில் மட்டும் விழுகிறதென்றால் கண்ணைப் பாருங்கள். ஊசி கோர்க்கும்போது கையைத் தள்ளி நீட்டிப் பிடிக்கிறாரா? 43 வயதில் வெள்ளெழுத்து வருவது சகஜம். கண்ணாடியும் மெஷின் தலையில் ஒரு எல்.இ.டி. விளக்கும் போதும்.

சிங்கிள் ஜெர்சி (சாதா டி-ஷர்ட் துணி) போய் லைக்ரா ரிப் (இழுத்தால் நன்றாக நீளும் துணி) வந்திருந்தால் பழைய 60 செல்லாது. டார்கெட்டைப் புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் சரி, அப்படியும் 40தானா? பீஸுக்கு இவ்வளவு என்று நீங்கள் கொடுக்கும் பீஸ்ரேட்டில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். ஆள் கொண்டுவரும் காண்ட்ராக்டர் இருந்தால் அவரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். வேகமாக அடிக்கிறார் என்று ரேட்டைக் குறைத்திருந்தாலோ, கஷ்டமான பண்டலையும் ஆல்ட்ரேஷனையும் (பிரித்துத் திரும்பத் தைக்கும் வேலை) அவரிடமே தள்ளியிருந்தாலோ, யாராக இருந்தாலும் 40-இல்தான் நிறுத்துவார்கள்.