சோப்பு முட்டைய மாலையா கோக்க முடியுமா?

கேள்வி: எல்லா இடத்துலயும் ஒரே சராசரி வளைவு (ஒரு புள்ளியில மேற்பரப்பு எல்லாத் திசையிலயும் சராசரியா எவ்ளோ வளையுதுங்கறது) இருக்கறதாலதான் சோப்பு முட்டை உருண்டையா இருக்குன்னு கிளாஸ்ல சொன்னாங்க சார். 4, 5 பரிமாணம் போனாலும் உருண்டை மட்டும்தானா? புதுசு புதுசா கட்டுறாங்கன்னு சொல்றாங்களே, கண்ணுக்கே தெரியாததை எப்படி சார் கட்டுவாங்க?
- கணிதம் படிக்கும் வாசகி

பதில்: கிளாஸ்ல சொன்னது பாதிதாம்மா. மூடின வடிவமா இருக்கணும், தன்னையே வெட்டிக்கவும் கூடாதுன்னா உருண்டைதான், எத்தனை பரிமாணம் ஆனாலும் சரி, அலெக்சாண்டிராவ்ங்கற கணிதவியலாளர் 1950கள்லயே நிரூபிச்சுட்டார். வெட்டிக்கிட்டா பரவால்லன்னு விட்டா கதையே வேற. அப்பவும் உருண்டைதானான்னு ஹாப்ஃப் கேட்டு வச்ச கேள்விக்கு முதல் "இல்ல" வந்தது 4 பரிமாணத்துல, 1982ல, ஹ்ஸியாங்கிட்டருந்து. நம்ம 3 பரிமாணத்துல வென்ட்டே மெதுவடை மாதிரி ஓட்டையோட ஒண்ணைக் காட்டினது அதுக்கப்புறம்தான்.

மூடவே வேணாம், முடிவில்லாம போகட்டும்னா 1841லயே டெலோனே வழி சொல்லிட்டார். ஒல்லியான நீள்வட்டத்தை ஒரு கோட்டு மேல உருட்டி, அதோட குவியம் (நீள்வட்டத்துக்குள்ள இருக்கற ரெண்டு சிறப்புப் புள்ளியில ஒண்ணு) போடுற தடத்தை அந்தக் கோட்டைச் சுத்தி சுழட்டினா, உருண்டை உருண்டையா கோத்த மாலை மாதிரி வரும், நடுநடுவுல குட்டிக் கழுத்து. மேல் பரிமாணத்துலயும் இந்த மாலை உண்டு, 4ல குறுக்க வெட்டினா வட்டத்துக்குப் பதிலா உருண்டை வரும், அவ்ளோதான்.

இந்த மாலைங்கதான் புது வடிவம் கட்டுறவங்களுக்கு செங்கல். 3 பரிமாணத்துல கபூலியாஸ் 1990ல செஞ்சார், 4லயும் அதுக்கு மேலயும் பிரைனரும் அவரும் சேர்ந்து செஞ்சாங்க. முதல்ல புள்ளியும் கோடுமா ஒரு கிராஃப் போடுவாங்க, புள்ளியில உருண்டை, கோட்டுல மாலைத் துண்டு. ஆனா இஷ்டத்துக்குப் போட முடியாது, ஒவ்வொரு மாலையும் தன் பக்கம் இழுக்கும், மூணு பேர் ஒரே முடிச்சுல கயிறு கட்டி இழுக்கற மாதிரி, முடிச்சு நகராம நிக்கணும்னா இழுவை எல்லாம் கூட்டினா பூஜ்யம் வரணும். கழுத்து ஒல்லியா இருந்தா இழுவையும் கம்மி: 3 பரிமாணத்துல கழுத்தைப் பாதியாக்கினா இழுவை கிட்டத்தட்ட பாதி, 4ல கால்வாசிதான்.

ஒட்டினதும் வளைவு சரியா வந்துடாது, ஒட்டின இடத்துல கொஞ்சம் பிசகும். அதை நிமித்த மேற்பரப்பை லேசா உள்ள வெளிய தள்ளி சமன்பாட்டைத் தீர்க்கணும், இங்கதாம்மா தலைவலி. ஒரு உருண்டைய அப்படியே பக்கத்துல நகத்தினா வளைவு மாறவே மாறாது இல்லையா, அதனால அந்தத் திசையில விழுற பிசகை எவ்ளோ தள்ளினாலும் சரி பண்ண முடியாது. என்ன பண்ணுவாங்கன்னா, கிராஃபையே கொஞ்சம் கோணலாக்கி, வேணும்னே பேலன்ஸைக் கெடுத்து, அந்தக் கெடுதலை வச்சு இந்தப் பிசகை அடிச்சுடுவாங்க, எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச இடமே இதான். ஆக வரைஞ்ச கிராஃப் வேற, கடைசியில நிக்கறது அதுக்குப் பக்கத்துல இருக்கற வேற ஒண்ணு.

முடிவில்லாம நீளுற கை மூணோ அதுக்கு மேலயோ இருந்தா, தன்னை வெட்டிக்காத வடிவங்களும் இப்படிக் கிடைச்சிருக்கு. அலெக்சாண்டிராவ் கோச்சுக்க மாட்டார், இதுங்க மூடின வடிவம் இல்லையே.