சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கண்ணகி நகரில் நண்பர்களோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பெரிய பையன்கள் பிரேக் டான்ஸ் ஆடுகிறார்கள். அதையே வகுப்பாக நடத்தினால் கஞ்சா, அடிதடி பக்கம் போகமாட்டார்கள் என்று நினைக்கிறோம். நியூயார்க்கில் இந்த நடனம்தான் கேங் சண்டைகளை ஒழித்தது என்று படித்தேன். எந்த வயதிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம்? ஒலிம்பிக்ஸிலேயே வந்துவிட்டதால் சான்றிதழும் தரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமையை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கடிதம் எரிச்சலூட்டியது.

சான்றிதழை விடுங்கள். 2024 பாரிஸில் சேர்த்தார்கள், 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் எடுத்துவிட்டார்கள்.

நடனம் சண்டையை ஒழித்தது என்கிறீர்களே, அது தலைகீழ். 1971 டிசம்பரில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கெட்டோ பிரதர்ஸ் என்ற கேங்கைச் சேர்ந்த பிளாக் பென்ஜி ஒரு சண்டையை விலக்கப் போய்க் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி நிச்சயம் என்று ஊரே காத்திருந்தது. அவர்களோ எதிரி கேங்குகளை ஹோ அவென்யூவில் ஒரு கட்டடத்துக்கு வரவழைத்து, உட்காரவைத்துப் பேசினார்கள். சண்டை அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பையன் அடுத்த தெருப் பார்ட்டிக்குப் போய்வர முடிந்தது. முதலில் பேச்சு, அப்புறம்தான் ஆட்டம்.

1973 ஆகஸ்ட் 11. அதே பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சின்டி கேம்ப்பெல் என்ற பெண் அங்கே ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50. இசைத்தட்டு சுழற்றியது அவள் அண்ணன், கூல் ஹெர்க். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகத்தான் கூட்டம் காத்திருக்கிறது என்று கண்டுகொண்டு, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்தத் துண்டை நீட்டியவர் அவர். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பிரேக், அதில் ஆடியவர்கள்தான் பி-பாய்கள், அதாவது பிரேக் டான்ஸ் ஆடுகிறவர்கள். யாரையும் திருத்துவதற்காக யாரும் போட்ட திட்டமில்லை இது. ஒரு அறை கிடைத்தது, அவ்வளவுதான்.

அறை, தம்பி, அறை! எங்கள் பகுதியில் கடை அடைத்தபின் ஒரு நகைக்கடை வாசலில் பையன்கள் ஆடுவார்கள். கண்ணாடிக் கதவுதான் அவர்களுக்கு நிலைக்கண்ணாடி. பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கவிழ்த்து விரிப்பார்கள், முதுகு வழுக்கிச் சுழல அது தோது. தலைவர் தரையைப் பார்த்துக் கிடப்பார், அவர் முதுகில் ஒருவன் பம்பரமாகச் சுற்றுவான். வாட்ச்மேன் விரட்டுவார். அவர் வேலை அது. ஆனால் நாலு தெரு தள்ளியிருந்த சமுதாயக் கூடம் கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டியே கிடந்தது. அதைத் திறக்கச் சொல்லி எங்களில் ஒருவரும் மனு எழுதவில்லை. பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து நன்றாகப் பேசினோம்.

கஞ்சா பற்றியும் ஒன்று. 'போதைக்கு மாற்று நடனம்' என்று பேனர் கட்டினீர்களானால், அங்கே ஆட வருகிற ஒவ்வொரு பையனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளை கீபோர்டு வகுப்புக்குப் போனால் எதற்கு மாற்று என்று கேட்கிறோமா? உங்கள் பையன்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆடுகிறார்கள்.

உங்கள் பகுதிக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்துவைக்கக் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மின்கட்டணம் யார் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அதைச் சொல்லித்தான் தட்டிக்கழிப்பார்கள்.

எந்த வயதிலிருந்து என்று கேட்டிருந்தீர்கள். ஆடுகிற பையன்களிடம் கேளுங்கள், வாத்தியார் அவர்கள்தானே.

அன்புடன்